ஓர் இராத்தலும் ஓரணாவும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்கிறவர்கள் ஊருக்குள் நுழையுமுன் ஒரு கால்வாயைக் கடக்கிறார்கள். கடலையும் கற்கோயில்களையும் காணும் ஆவலில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவே பக்கிங்காம் கால்வாய். வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை, கடலுக்கு இணையாகச் சுமார் 420 கிலோமீட்டர் ஓடும் உப்பு நீர் வழி. 1806ஆம் ஆண்டில் பாசில் காக்ரேன் என்ற ஆங்கிலேயர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய சிறு கால்வாயே இதன் தொடக்கம். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டு இரு திசைகளிலும் நீட்டியது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களை ஒட்டி ஓடும் தெற்குப் பகுதியும் அவ்வாறு வந்ததே. ஆனால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே 8 கிலோமீட்டர் மட்டும் இணையாமல் நின்றது. அதனால் வடக்கிலிருந்து வரும் படகு தெற்கே போக இயலவில்லை.

அந்த 8 கிலோமீட்டரை 1877-78இல் வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள். அவர்கள் எதை உண்டு வெட்டினார்கள் என்பதையே இங்கே ஆராய முற்படுகிறோம். கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கிடைத்தது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களுக்கு அளந்த கூலியின் கணக்கு மட்டும் இருக்கிறது.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டனார் காலத்தவர் சொல்லி வந்தது இதுவே. பெல்லாரி, கர்நூல், கடப்பை ஜில்லாக்களில் அதன் கொடுமை மிகுதி. செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் நாடு. ஏரிப் பாசனத்துக்கும் மழைதானே தாய்? ஏரி வற்றினால் நிலம் வற்றும். நிலம் வற்றினால் கூலி வற்றும். தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் மக்கள் சென்னையை நோக்கித் திரண்டார்கள். செங்குன்றத்தில் நிவாரண முகாம் எழுந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் இப்பஞ்சத்தில் மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

1877 ஜனவரியில், வைசிராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு வந்தார். இவர் மூன்றாண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசியைத் தாராளமாகத் தருவித்துப் பெருந்தொகையான மக்களைச் சாகாமல் காத்தவர். அதற்குக் கிடைத்த பரிசு, ஊதாரி என்ற பழி. அப்பழியைத் துடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அவர் சென்னையில் கால் வைத்தார் என்று நாம் நினைக்கிறோம். வந்தவர் நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாக் காசும். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதனினும் குறைவு. சரித்திரத்தில் ‘டெம்பிள் கூலி’ என்று பெயர் பெற்றது இது.

இராத்தல் என்று எழுதும்போதே பேனா சற்று நிற்கிறது. ஆங்கிலேயரின் பவுண்டைக் குறிக்கத் தமிழர் எடுத்தாண்ட இச்சொல் அரபியின் ‘ரத்ல்’. வணிகர் கப்பலோடு நம் கரைக்கு வந்து, தராசில் ஏறி அமர்ந்த சொல். ஃபிக்ஹு நூல்களில் ஸகாத்தையும் ஃபித்ராவையும் அளக்கும் அதே ரத்லின் பெயரால்தான் கால்வாய்க் கரையில் பஞ்சக் கூலி அளக்கப்பட்டது. இதற்குப் பின்னர் வருவோம்.

ஒரு வாரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு நாளும் வேலை கிடைத்தது, ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஏழு இராத்தல் தானியம். அதாவது மூன்று கிலோவும் சற்றும். ஏழணாக் காசு, அரை ரூபாய்க்கு ஓரணாக் குறைவு. அந்த ஏழணாவில்தான் பருப்பு, உப்பு, புளி, மிளகாய், விறகு, எண்ணெய், கந்தல் போனால் மாற்றுத் துணி எல்லாம். வேலைக்குப் போக முடியாத தாயோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் அதே ஏழு இராத்தலில் அவர்களுக்கும் பங்கு. தானியத்துக்கு ஈடாகக் காசு கொடுத்த இடங்களில், அதிகாரி குறித்த விலைக்கும் கடைக்காரன் சொன்ன விலைக்கும் உள்ள இடைவெளி அவன் வயிற்றில்தான் விழுந்திருக்கும். ஓர் இராத்தல் அரிசி தரும் சக்தி இன்றைய கணக்கில் சுமார் 1,600 கலோரி. கிராமத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி வேண்டும் என்று இந்தியத் திட்டக்குழு அமைத்த வல்லுநர் குழு 1979இல் வரையறுத்தது. வெயிலில் நின்று மண் வெட்டிச் சுமப்பவனுக்கு அதுவும் போதாது.

இதை அன்றே சொன்னவர் ஒருவர் இருந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். 1860களிலேயே இம்மாகாணத்து மக்கள் உண்ணும் உணவை ஆராய்ந்தவர். உழைக்கும் ஒருவனுக்குக் குறைந்தது ஒன்றரை இராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சிறையில் கைதிக்குக் கிடைக்கும் உணவைவிடக் குற்றமற்ற கூலியாளுக்குக் குறைவாகக் கொடுப்பது எந்த நியாயம் என்பது அன்று எழுந்த கேள்வி. விந்தை என்னவென்றால், அதே 1876இல் பம்பாயில் தாதாபாய் நௌரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். உயிர் வாழ ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு அவரும் எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் ஒன்று சிறைச்சாலைச் செலவுக் கணக்கே. சுதந்திர மனிதன் தின்பதை அளந்து எழுதி வைக்க அரசுக்குத் தேவை ஏற்படவில்லை. கைதி தின்பது மட்டும் ஏட்டில் இருந்தது.

கார்னிஷின் வாதம் முழுதும் வெல்லவில்லை, முழுதும் தோற்கவுமில்லை. 1877 மார்ச்சில் சென்னை அரசு தானியத்தை ஒன்றேகால் இராத்தலாக உயர்த்தி, சிறிது பருப்பும் சேர்த்தது. இடைப்பட்ட வாரங்களில் போனவை போயின.

இனி ரத்லுக்கு வருவோம். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் ஷாஃபிஈ சட்ட நூல். மனைவிக்குக் கணவன் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் அதில் அளந்து சொல்லப்படுகிறது. வசதியுள்ளவன் நாளொன்றுக்கு இரண்டு ‘முத்’, நடுத்தரத்தவன் ஒன்றரை, ஏழை ஒன்று. ஒரு முத் என்பது பக்தாது ரத்லில் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். இன்றைய நிறையில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆக, ஏழைக் கணவனின் கடைசி எல்லையே டெம்பிளின் இராத்தலைவிட அதிகம். அதோடு நூல் நிற்கவில்லை. தானியத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்க முடியாது. அதை அரைக்கவும் சுடவும் ஆகும் செலவு அவனுடையது. அவ்வூரில் வழங்கும் தொட்டுக்கொள்ளும் பொருள், பருவத்துக்கேற்ப, அவனுடையது. அவன் தகுதிக்கேற்ற இறைச்சியும், தலைக்கு எண்ணெயும் சீப்பும்கூட அவனுடையவை. ஹனஃபி இமாம்களோ அளவே குறிக்கவில்லை. போதுமானது எதுவோ அதுவே கடமை என்றார்கள்.

மனைவியின் ஜீவனாம்சமும் கூலியும் ஒன்றல்ல என்று வாசகர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அளக்கும் முறையைப் பாருங்கள். கொடுப்பவனின் தகுதி உயர உயர அளவும் உயர்கிறது. தகுதி எவ்வளவு தாழ்ந்தாலும் பெறுபவளின் தேவைக்குக் கீழே அளவு போவதில்லை. விறகையும் அரைப்புக் கூலியையும் நினைவில் வைத்த சட்டம் அது. டெம்பிளின் கணக்கு கஜானாவில் தொடங்கி வயிற்றில் முடிந்தது; அதனால்தான் குறைந்துகொண்டே போயிற்று.

ஹிஜ்ரி 18இல், கி.பி. 639 அளவில், அரபு நாட்டைப் பெரும் பஞ்சம் பற்றியது. மண் சாம்பலாய்ப் பறந்ததால் ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு, என்று பெயர். கலீபா உமர் (ரலி) மக்கள் நெய்யும் இறைச்சியும் உண்ணும் நாள் வரும்வரை தாமும் அவற்றைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்கள் மேனி கறுத்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவ்வாண்டு ஸகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். மிஸ்ரிலிருந்து தானியம் வரவேண்டும். நைல் நதியையும் செங்கடலையும் இணைத்துத் தூர்ந்து கிடந்த பழங்கால்வாயை ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மீண்டும் வெட்டினார்கள். ‘கலீஜு அமீரில் முஃமினீன்’ என்று அதற்குப் பெயர். தானியப் படகுகள் அதன் வழியே குல்ஸும் வந்து, அங்கிருந்து கடல்மேல் மதீனாவின் துறைமுகமான ஜாரை அடைந்தன. அங்கும் பஞ்சம், அங்கும் கால்வாய். அது பசித்தவர்களுக்குத் தானியம் கொண்டுவர வெட்டப்பட்டது. இங்கோ பசித்தவர்களுக்குக் கூலி கொடுக்க ஒரு வேலை தேவைப்பட்டது.

கலீபா அபூபக்கர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பைத்துல் மாலிலிருந்து அவர்களுக்குக் குடும்பச் செலவுக்கென ஒரு படி நியமிக்கப்பட்டிருந்தது. அதில் நாள்தோறும் சிறிது மிச்சம் பிடித்து அவர்கள் மனைவியார் இனிப்புச் செய்ய எண்ணினார்கள். இவ்வளவு மிச்சமாகிறதென்றால் இவ்வளவு இல்லாமலும் வாழ முடியும் என்று கூறி, கலீபா அந்த மிச்சத்தைத் திருப்பியளித்துத் தம் படியையும் குறைத்துக்கொண்டார்களாம். தர்க்கம் டெம்பிளின் தர்க்கமேதான். யாருடைய தட்டில் அது பாய்ந்தது என்பதில்தான் வேறுபாடு.

செங்கற்பட்டின் ஏழைக்கு நெருக்கமான வாழ்வு பஞ்சத்தோடு வந்து பஞ்சத்தோடு போனதும் அல்ல. இந்த ஜில்லாவை 1763இல் நவாபு முஹம்மது அலி வாலாஜா கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அப்போதிருந்தே வரி வசூலின் முதல் சோதனைக்களம் இதுவே. பண்ணைக் கூலியாளுக்கு இங்கே ‘படியாள்’ என்று பெயர். படியால் அளந்து கூலி பெறுபவன் என்பது பொருள். வாங்கிய கடனுக்காகத் தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த இம்மக்களின் நிலையை 1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் ஒரு குறிப்பாக எழுதி அரசுக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குரியதாக இல்லாதவர்களுக்கு நிலம் வேண்டும் என்று அவர் கேட்டார். 1892இல் அதன்மீது அரசாணை வந்தது. நல்ல மழைக்காலத்திலேயே வாரக் கடைசியில் வெறும் பானையைப் பார்த்தவர்கள் அவர்கள். பஞ்சம் அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை.

சினம் கொள்ள டெம்பிள் ஒருவர் போதும் என்று நாம் இருந்துவிடலாகாது. நம் மஹல்லாக்களில் விதவைக்கு மாதப்படி நிர்ணயிக்கும்போதும், மோதினாருக்குச் சம்பளம் பேசும்போதும் முதலில் திறக்கப்படுவது எந்த ஏடு? வக்ஃபு வருமானத்தில் பூச்சுக்கும் விளக்குக்கும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறோம். அந்த வீட்டில் எத்தனை வயிறு, அரிசி என்ன விலை, விறகோ காஸோ என்ன விலை என்று கேட்பவர் மிகச் சிலர். மின்ஹாஜை ஓதிய நாமே அந்தக் கூட்டத்தில் வாய் மூடி அமர்ந்திருக்கிறோம். 2011 ஜூனில் தமிழக அரசு ரேஷன் அரிசியை விலையின்றித் தரத் தொடங்கியபோது, “இனி அவர்களுக்கு என்ன குறை?” என்று கேட்டவர்கள் உண்டு. அரிசி மட்டும் அரிசியை வேகவைக்குமா?

அந்த ஓரணாவில் உப்புக்கும் ஒரு பங்கு உண்டல்லவா? மாமல்லபுரத்துக்கு வடக்கே, தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் அடக்கவிடம் என மக்கள் போற்றும் தர்கா அமைந்த கோவளத்தில் உப்பளங்கள் இருந்தன. இக்கரையின் உப்பு படகுகளில் ஏறி, ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்க, கால்வாய் வழியே சென்னைக்குப் போயிற்று. மாகாணத்தில் உப்பு 1805 முதல் அரசின் தனியுரிமை. உப்பங்கழி ஓரம் தானாக விளைந்த உப்பைக் கையால் அள்ளினாலும் குற்றம். 1878இல், பஞ்சம் ஓய்ந்த கையோடு, சென்னை மாகாணத்தில் உப்பு வரி உயர்த்தப்பட்டது: 82 இராத்தல் கொண்ட ஒரு மணங்குக்கு இரண்டரை ரூபாய். ஓரணாக் கூலியில் அது நாற்பது நாள்.