காலிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு



என்னிடம் படித்த பையன் ஒருவன், இப்போது வீரபாண்டியில் பவர் டேபிள் போட்டிருக்கிறான், குடும்பத்தோடு இலங்கை போகிறானாம். "காலி, உனவட்டுன, எல்லாம் பீச்சுதானுங்க டீச்சர். கடைசி நாள் கொழும்புல பர்ச்சேஸ்" என்றான். போகட்டும், கடல் நமக்கு அதிசயம்தானே. ஆனால் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னேன்.

அங்கே ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெ கொண்டுவந்தது. 1409-ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். ஒரே வாசகத்தின் மூன்று பிரதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு. அதாவது, தென்கோடித் தேவேந்திரமுனையில் இருந்த திருமால். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியலே உண்டு. நாம் பையர் நாட்டு மொழியில் லேபிள் தைப்பதில்லையா? அந்தக் கடலில் தமிழ் வேண்டும் என்று மிங் பேரரசருக்குத் தெரிந்திருக்கிறது!

1588-ல் அந்தக் கோயிலைப் போர்ச்சுக்கீசியர் இடித்தார்கள். கல்லோ, 1911-ல் காலி நகரத்து வடிகால் பாலம் ஒன்றில் மூடுகல்லாகக் கிடந்து அகப்பட்டது.

இத்தனை வருஷம் உங்களுக்கு வரலாறு நடத்தினேன், இதைச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. ஓய்வுக்குப் பிறகு அங்கே போய் நின்றபோது, தேய்ந்த அந்தத் தமிழை எழுத்துக் கூட்டியும் படிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

பையன் எல்லாம் கேட்டுவிட்டு, "போட்டோ எடுக்க விடுவாங்களா டீச்சர்?" என்றான். கேட்டுப் பாருடா என்றேன்.