மாணவரா? தொழிலாளரா?

கட்டை விரலைக் கேட்ட குருவின் கதையை நாம் அறிவோம். கற்பிக்காத வித்தைக்குக் காணிக்கை கேட்டார் குரு. கேட்டதைக் கொடுத்தவனை, சீடர்களுள் சிறந்தவன் என்று பாராட்டினர். அறுபட்ட விரலைப் பற்றி அதிகம் பேசாமல் கதையை முடித்தனர். கற்க வந்தவன் கணக்குக் கேட்கலாகாது, கை கட்டி நிற்பதே அவன் கடமை என்னும் அந்த எண்ணம், பழங்கதையோடு போய்விட்டதா? போகவில்லை. விஞ்ஞானம் விளையும் அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகங்களிலும் அது வேறு உடையில் உலவிற்று. அதை எதிர்த்து அங்குள்ள ஆய்வு மாணவர்கள் சங்கம் கண்ட வரலாறு, நாம் அறிய வேண்டிய வரலாறு.

அங்கே பேராசிரியர் பெரிய மண்டபத்தில் சொற்பொழிவாற்றிச் செல்வார். பிறகு சிறு வகுப்புகளில் இளம் மாணவரின் ஐயம் தீர்ப்பவர் யார்? மலையெனக் குவியும் விடைத்தாள்களைத் திருத்துபவர் யார்? சோதனைச் சாலையில் இரவிலும் விளக்கணையாது காப்பவர் யார்? பெரும்பாலும் ஆய்வு மாணவரே! அதற்குப் பணமும் தருகின்றனர். வேலை வாங்கும்போது, 'நீ ஆசிரியன், பொறுப்போடு நடந்துகொள்' என்கின்றனர். ஊதிய உயர்வு கேட்டாலோ, 'நீ மாணவன், படிப்பைக் கவனி' என்கின்றனர். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். இரண்டும் எசமானனுக்கே இலாபம்!

விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில், 1966ஆம் ஆண்டு, இந்த இரட்டைக் கணக்கை எதிர்த்துப் போதனை உதவியாளர் சங்கம் பிறந்தது. அது வியட்நாம் போர்க் காலம். மதிப்பெண் குறைந்த மாணவன் கட்டாயப் படைச் சேர்க்கைக்கு ஆளாகும் நிலை. மதிப்பெண் இடும் கை, ஒருவனைப் போர்க்களத்துக்கு அனுப்பும் கையாகவும் மாறிவிட்டதை உணர்ந்த உதவியாளர்கள் உள்ளம் பதறினர், ஒன்று கூடினர். 1969இல், வெளி மாநிலத்திலிருந்து வந்த உதவியாளருக்கிருந்த கட்டணச் சலுகையைப் பறிக்கச் சட்டமன்றத்தில் முயற்சி எழுந்ததும், தயங்கி நின்றோரும் சங்கத்தில் சேர்ந்தனர். அவ்வாண்டே பல்கலைக் கழகம் சங்கத்தை ஏற்றது. ஆயினும் பேச்சு வார்த்தை இழுத்துக்கொண்டே போயிற்று. 1970 மார்ச்சில் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. நீதிமன்றம் தடை விதித்தது. எனினும் மூன்று வாரங்களுக்கு மேல் நின்றனர். முடிவில் எழுத்து மூலமான ஒப்பந்தம் கிடைத்தது: முறையீட்டுக்கு வழி, வேலைக்கு உறுதி, வகுப்பின் அளவுக்கு வரம்பு. பாடத் திட்டத்தில் பங்கு கேட்ட கோரிக்கை மட்டும் கைகூடவில்லை.

அது அரசுப் பல்கலைக் கழகம். அங்கே மாநிலச் சட்டமே முடிவு செய்யும். தனியார் பல்கலைக் கழகங்களிலோ, தேசியத் தொழிலுறவு வாரியம் தீர்ப்புக் கூற வேண்டும். அந்த வாரியம் கூறிய தீர்ப்புகளைப் பாருங்கள்! 1972இலும் 1974இலும் 'மாணவரே' என்றது. 2000இல், நியூயார்க் பல்கலைக் கழக வழக்கில், 'தொழிலாளரே' என்றது. 2004இல், பிரவுன் பல்கலைக் கழக வழக்கில், மீண்டும் 'மாணவரே' என்றது. 2016இல், கொலம்பியா பல்கலைக் கழக வழக்கில், 'இல்லை, தொழிலாளரே' என்றது. திருத்திய தாள் அதே தாள். உழைத்த உழைப்பும் அதே உழைப்பு. வாரிய உறுப்பினரை நியமிக்கும் குடியரசுத் தலைவரின் கட்சி மாறிற்று. உண்மையும் உடன் மாறிற்றாம்!

அப்படியானால் நிலைத்தது எது? நியூயார்க்கைக் காண்போம். 2002இல் ஒப்பந்தம் பெற்ற சங்கத்தை, 2004 தீர்ப்பைக் காட்டி, 2005இல் நிர்வாகம் உதறித் தள்ளிற்று. வேலை நிறுத்தம் நடந்தது, தோற்றது. ஆயினும் சங்கம் சாகவில்லை. பழையவர் பட்டம் பெற்றுச் சென்றனர், புதியவர் வந்தனர். உறுப்பினர் பட்டியல் கைமாறிற்றே தவிர, கைவிடப்படவில்லை. 2013இல் நிர்வாகமே தேர்தலுக்கு இசைந்தது. சங்கம் வேண்டும் என்றோர் 620 பேர், வேண்டாம் என்றோர் 10 பேர்!

சங்கத்தின் உயிர்நாடி எது என்பதைப் பகைவன் நன்கறிவான். 2011இல் விஸ்கான்சினில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அரசு ஊழியர் பெரும்பாலோரின் பேரம் பேசும் உரிமையை ஒடுக்கிய அச்சட்டம், சம்பளத்திலிருந்து சந்தா பிடித்துத் தருவதையும் தடுத்தது. ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவரில் அன்று, மொத்த ஊழியரில் 51 விழுக்காடு பெற்றாலொழிய அங்கீகாரமில்லை என்றது. வீட்டில் உறங்கியவனும் எதிர்த்து வாக்களித்தவனாகக் கணக்கிடப்பட்டான்! மாடிசன் உதவியாளர்கள் சட்டமன்றக் கட்டடத்திலேயே இரவு பகலாகத் தங்கி எதிர்த்தனர். சட்டம் நிறைவேறிற்று. அந்தச் சான்றிதழைத் தேடி நாங்கள் செல்வதில்லை என்று முடிவு செய்து, உறுப்பினர் மனமுவந்து தரும் சந்தாவைக் கொண்டே சங்கத்தை நடத்தினர்.

'படிக்க வந்தவனுக்குச் சந்தா எதற்கு? வாங்குவதே சிறு தொகை' என்பார் உண்டு. கலிபோர்னியா விடை கூறும். 2022 நவம்பர் 14 அன்று, அம்மாநிலப் பல்கலைக் கழகத்தின் 48,000 ஆய்வு மாணவரும் ஆய்வாளரும் வேலை நிறுத்தம் தொடங்கினர். அவர்கள் இணைந்திருந்தது மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தில்! அச்சங்கத்தின் நிதியிலிருந்து, மறியலில் நின்றவருக்கு வாரம் 400 டாலர் கிடைத்தது. அது எவர் பணம்? எந்திரத்தின் எதிரே நின்று எண்ணெய்க் கறை படிந்த கைகள், காலமெல்லாம் கட்டி வந்த சந்தா. ஏட்டைத் தொட்ட கையை எந்திரம் தொட்ட கை தாங்கிற்று. ஆறு வாரத்தில் உடன்பாடு வந்தது; ஆண்டுக்கு ஏறத்தாழ 23,000 டாலராக இருந்த போதனை உதவியாளரின் அடிப்படை ஊதியம், 2024 இறுதிக்குள் 34,000 ஆக உயர வழி பிறந்தது.

'உயர்வு வந்தால் எனக்கும்தானே வரும், நான் ஏன் தர வேண்டும்?' என்று கேட்பவரும் உண்டு. 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உறுப்பினரல்லாத அரசு ஊழியரிடம் சங்கம் கட்டணம் பெறலாகாது என்று தீர்ப்பளித்து, அக்கேள்விக்குச் சட்டத்தின் துணையையும் தந்துவிட்டது. ஆயினும், எல்லோரும் அப்படியே கேட்டிருந்தால் 400 டாலர் எங்கிருந்து வந்திருக்கும்? பிறர் நட்ட மரத்தின் கனியை உண்பது சட்டப்படி குற்றமன்று. எல்லோரும் உண்ணவே வந்தால், நடுவதற்கு ஆள் ஏது?

தோழர்களே! நம் இளைஞர் பலர் இன்று அப்பல்கலைக் கழகங்களில் ஆய்வு செய்கின்றனர். கடவுச் சீட்டை எண்ணி அஞ்சலாம், பேராசிரியர் முகத்தை எண்ணித் தயங்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: மாணவரா, தொழிலாளரா என்ற வினாவுக்கு வாரியம் மூன்று முறை விடை மாற்றிற்று, சந்தா கட்டியவன் மாற்றவில்லை. தன் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து வைத்தபோதே அவன் சொல்லிவிட்டான், தான் பெறுவது பிச்சையன்று, ஊதியம் என்று. அன்று கேட்டவருக்கு விரலை அறுத்துக் கொடுத்தான் ஒருவன். இன்று விரல்களைச் சேர்த்து மடக்கிக் கை உயர்த்துகின்றனர் பலர். கல்வி கற்றதன் பயன் அதுவன்றோ!