ஒற்றை எஞ்சினும் ஓங்கிய மலையும்

வானூர்தி வரலாறு எழுதுவோர் வேகத்தையும் வீரத்தையும் போற்றுவர். செலவுக் கணக்கைப் பெரும்பாலும் தொடுவதில்லை. இலகு ஹெலிகொப்டரின் வரலாற்றிலோ பலவற்றைத் தீர்மானித்தது அக்கணக்கே.

1968 ஆம் ஆண்டிலே இந்தியப் படையினர் இமயத்தில் இயங்கவல்ல சிறு ஹெலிகொப்டர் ஒன்றை வேண்டினர். பிரெஞ்சுப் பொறியியலாளர் அதனை முற்றும் புதிதாய்ப் படைக்க முனைந்தாரல்லர். அலுவெட் 2 என்னும் பழைய ஊர்தியின் உடலில் அலுவெட் 3 இன் எஞ்சினையும் சுழலிகளையும் பொருத்தினர். இவ்வாறு சிக்கனத்திற் பிறந்ததே லாமா. 1969 இல் இமயத்திலே 7,500 மீற்றர் உயரத்தில் இறங்கி மீண்டும் எழுந்து அது உலகை வியப்பித்தது. இந்துஸ்தான் ஏரோநோட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதனையே 'சீட்டா' என்னும் பெயரில் ஆக்கியது.

சீட்டாவுக்கு எஞ்சின் ஒன்றே. அது நின்றுவிடின் யாது கதி? 1972 யூன் 21 இல் ஜோன் பூலே என்னும் பிரெஞ்சு விமானி லாமாவை 12,442 மீற்றர் உயர்த்தினார்; இறங்கத் தொடங்கியதும் எஞ்சின் அணைந்தது. கீழிருந்து எழும் காற்றே சுழலியைச் சுழற்ற, அவர் நலமே தரை சேர்ந்தார். இதனைக் காட்டி ஒற்றை எஞ்சினே சாலும் என வாதிப்பார் உளர். பூலேயின் அடியிலே 12 கிலோமீற்றர் வானம் இருந்ததை அவர் எண்ணிலர். சியாச்சின் பனிமேட்டின்மேல், வேகமொடுங்கிச் சில மீற்றர் உயரத்தில் நிற்கும் விமானிக்கு அவ்வவகாசம் ஏது?

இரண்டாவது எஞ்சின் பணத்தை மட்டுமன்றிப் பாரத்தையும் கூட்டும். மெலிந்த காற்றில் அப்பாரம் சுமையைக் குறைக்கும். ஒன்று நின்றபின் மற்றது தனித்துத் தாங்கும் என்பதும் அவ்வுயரத்தில் உறுதியன்று.

அமெரிக்காவில் ஃபிராங்க் ரொபின்சன் ஆக்கி, 1979 இல் சான்று பெற்ற ஆர் 22 மலிவையே நோக்காகக் கொண்டது. அதன் சுழலி மிக இலேசு; எஞ்சின் நின்றால் ஓரிரு வினாடியிற் சுழற்சி குன்றிவிடும். விபத்துகள் பெருகவே 1995 இல் அமெரிக்க அரசு தனிப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பொறியில் மிச்சம் பிடித்ததைப் பயிற்சியிற் செலவிட நேர்ந்தது எனலாம்.

இரட்டை எஞ்சினும் முழுக் காப்பன்று. 2025 நவம்பரில் டித்வா புயலால் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து, ஹெலிகொப்டரின் அருமையை மலைநாட்டார் நாம் நேரிற் கண்டோம். அதே நிவாரணப் பணியில், அம்மாதம் 30 ஆம் நாள், இரட்டை எஞ்சின் பெல் 212 ஒன்று லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிர் நீத்தார்.

சீட்டாக்கள் மூப்படைந்து வீழ்வதைக் கண்ட இந்தியப் படையதிகாரிகளின் மனைவியர், அவற்றை நிறுத்துமாறு 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெளிப்படையாகக் கோரினர். கணக்கேட்டில் இடம்பெறாதவர் குரல் அது. 2015 டிசெம்பரில், இரட்டை எஞ்சின் கொண்ட ரஷ்யக் கமோவ் 226 வகையில் 200 ஐப் பெற ஒப்பந்தமாயிற்று. விலை முதலிய பிணக்குகளால் அது நிறைவேறவில்லை. 2016 செப்டெம்பர் 6 இல் முதன்முறை பறந்த இந்தியாவின் சொந்த இலகு ஹெலிகொப்டருக்கும் எஞ்சின் ஒன்றேயாகும்.