கூப்பரின் மணி

நிலநடுக்க முன்னெச்சரிக்கை என்றதும் ஜப்பானில் எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் அலறுவதுதான் நினைவுக்கு வரும். இதைப் பற்றி நோண்ட ஆரம்பிக்கும் வரை எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்த யோசனை டெலிபோனுக்கே மூத்தது.

1868 அக்டோபர் 21-ம் தேதி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் பெரிய நிலநடுக்கம். சுமார் 30 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அந்த ஊர் மாலைப் பத்திரிகையில் ஜே. டி. கூப்பர் என்பவர் ஒரு யோசனை எழுதினார். நகரத்தைச் சுற்றி 10 முதல் 100 மைல் தூரத்தில் அதிர்வை உணரும் கருவிகளை வைக்க வேண்டும். தரை ஆடினால் தந்திக் கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து, நகர நடுவில் ஒரு பெரிய மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கணக்கு ரொம்ப எளிது. கட்டடங்களைச் சாய்க்கும் எஸ் அலை பாறைக்குள் நொடிக்கு 3, 4 கி.மீ. வேகத்தில் வரும். தந்திக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு தூரமே இல்லை. இடையில் கிடைக்கும் நொடிகள்தான் எச்சரிக்கை. இது ஜோசியம் இல்லை. நடந்துவிட்ட ஒன்றின் செய்தி, அலையை முந்திக்கொண்டு வருகிறது.

எனக்குப் பிடித்தது அவர் சொன்ன இன்னொரு விஷயம். மணி தானாகவே அடிக்க வேண்டும், தந்தி ஆபரேட்டரை நம்பக் கூடாது என்கிறார். பதற்றத்தில் அவர் அடிக்க மறக்கலாம், இல்லையென்றால் தேவையில்லாமல் அடிக்கடி அடித்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பொய் அலர்ட்டுக்கு எழுந்து, அப்புறம் நிஜ அலர்ட்டையும் அலட்சியம் செய்த அனுபவம் உள்ள என் போன்றவர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? மணியை யாரும் கட்டவில்லை. 1906-ல் நகரமே அழிந்தது. கட்டியிருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. அந்த நிலநடுக்கம் தொடங்கியது நகரத்துக்கு மிக அருகில், கடலுக்கு அடியில். செய்தி ஓடி வர நேரமே இருந்திருக்காது.

கூப்பரின் யோசனைக்குப் பொருத்தமான நகரம் வேறொன்று இருந்தது: மெக்சிகோ சிட்டி. பழைய ஏரிப் படுகையின் மேல் கட்டிய ஊர். களிமண் அதிர்வைப் பெரிதாக்கும். 1985 செப்டம்பர் 19-ம் தேதி, 350 கி.மீ.க்கும் அப்பால் பசிபிக் கரையில் உண்டான 8.0 அளவு நிலநடுக்கம் அங்கே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அலை வந்து சேர ஒரு நிமிஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

அதன் பிறகுதான் கெரேரோ மாநிலக் கடற்கரையில் 12 நிலையங்கள் அமைத்தார்கள். 1991-ல் இயங்கத் தொடங்கியது. 1995 செப்டம்பர் 14-ம் தேதி கெரேரோவில் 7.3 அளவு நிலநடுக்கம் வந்தபோது, தலைநகருக்கு 72 நொடிகள் கிடைத்தன. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பைக் காலி செய்ய அது போதும். கூப்பர் எழுதி 127 வருஷம் ஆகியிருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 2017 செப்டம்பர் 19, அதே தேதி. 1985-ஐ நினைவுகூர்ந்து காலை 11 மணிக்கு ஊர் முழுக்க ஒத்திகை நடந்தது. மதியம் 1:14-க்கு நிஜமாகவே வந்தது. ஆனால் இந்த முறை கடற்கரையிலிருந்து இல்லை; சுமார் 120 கி.மீ. தூரத்தில், உள்நாட்டில். பல இடங்களில் தரை ஆடத் தொடங்கியபோதுதான் அலாரம் காதில் விழுந்தது. சுமார் 370 பேர் இறந்தார்கள்.

அன்று கருவி கெட்டுப்போகவில்லை. தூரம் குறைந்துபோனது, அவ்வளவுதான். மென்பொருளில் என்னதான் மில்லிசெகண்டுகளைக் குறைத்தாலும், 120 கி.மீ.யை 300 ஆக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் காப்பாற்ற வேண்டியது கட்டடத்தின் கம்பியும் சிமெண்டும்தான்.

2019 அக்டோபரில் கலிபோர்னியா மாநிலம் முழுக்கப் பொதுமக்களின் செல்போன்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி வந்தது. ஆக, சான் பிரான்சிஸ்கோவுக்கும் மணி வந்துவிட்டது, 151 வருஷம் தாமதமாக. ஹேவர்ட் பிளவு மட்டும் இன்னும் அதே இடத்தில், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.