ஆக்ரா என்ற ஜம்போ

எலவனாசூர்கோட்டையில் ஃபாரினிலிருந்து ஊர் திரும்பியவரைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்தால், முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பிளேன்ல வந்தீங்க மாமா?" ஜம்போ என்று பதில் வந்துவிட்டால் கூட்டம் இன்னும் நெருங்கி உட்காரும். மாடி வைத்த விமானம், மாடிக்குப் போகப் படிக்கட்டு, உள்ளே நானூறு பேர். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற பஸ்ஸை வைத்துத்தான் நாங்கள் அதை அளந்தோம்: எட்டு பஸ் ஜனம், ஒரே வண்டியில்.

அந்த ஜம்போக்களில் ஒன்றின் கதை இது. பெயர் ஆக்ரா. பதிவு எழுத்துகள் விடி-இவிஏ. அமெரிக்காவின் எவரெட் நகரில் போயிங் கட்டிய 747-400 ரகம்; 1996-ல் ஏர் இந்தியாவுக்கு வந்தது. அந்த அணியில் கொனார்க் இருந்தது, அஜந்தா இருந்தது, நம் பக்கத்துப் பெயராகத் தஞ்சாவூரும் இருந்தது.

ஜம்போவின் நெற்றி ஏன் புடைத்திருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1960-களில் அதை வரைந்தவர்கள், நாளைக்கு மக்கள் எல்லோரும் ஒலியை விஞ்சும் விமானத்துக்குப் போய்விடுவார்கள், இது சரக்கு வண்டியாகத்தான் பிழைக்கும் என்று எண்ணினார்கள். மூக்கையே கதவாகத் திறந்து சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் விமானி வழியில் உட்காரக் கூடாது. அதனால் அவரை மேலே ஏற்றி வைத்தார்கள். அந்த அறைக்குப் பின்னால் மிஞ்சிய இடம்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்ட மாடி.

ஏர் இந்தியா தன் பங்குக்கு ஜன்னல்களை அலங்கரித்தது. 1971-ல் முதல் ஜம்போ வந்தபோதே ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனைச் சாளரம் போலச் சிவப்பு வளைவு தீட்டினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சின்னக் கண்ணாடிதான். எட்ட நின்று பார்த்தாலோ, வரிசை வரிசையாக மாடம் வைத்த மாளிகை ஒன்று ஓடுபாதையில் நகர்வது போல இருக்கும்.

லண்டனும் நியூயார்க்கும் போன அதே ஜம்போக்கள் ஜித்தாவுக்கும் ரியாத்துக்கும் போயின. பிரதமரும் குடியரசுத் தலைவரும் நெடுந்தூர வெளிநாட்டுப் பயணம் போனது 2020 வரை பெரும்பாலும் இவற்றில்தான். கொரோனா பரவிய வூஹானுக்குப் போக எல்லோரும் தயங்கிய நேரத்தில் அங்கே போனதும் ஏர் இந்தியா ஜம்போதான். 2020 பிப்ரவரி 1 காலை 324 இந்தியர்களோடு டெல்லியில் இறங்கிற்று. மறுநாள் இன்னும் 323 பேர்.

இப்படி உழைத்ததை ஏன் நிறுத்த வேண்டும்? நாலு இன்ஜின் என்றால் நாலு வாய். எல்லாவற்றுக்கும் தீனி போட வேண்டும், எல்லாவற்றையும் பராமரிக்க வேண்டும். ஒரு காலத்தில் வேறு வழியில்லை. ஒரு இன்ஜின் நின்றுபோனால் ஒரு மணி நேரத்தில் இறங்க விமான நிலையம் இருக்கிற பாதையில்தான் இரண்டு இன்ஜின் விமானம் பறக்கலாம் என்பது சட்டம். பெருங்கடல் தாண்ட இரண்டுக்கு மேல் இன்ஜின் தேவைப்பட்டது. இன்ஜின்களின் நம்பகம் கூடக் கூட, 1985-லிருந்து அந்த வரம்பு தளர்ந்துகொண்டே வந்தது. இன்றைய ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. அதோடு ஜம்போவின் பெரிய பலம் தேவையற்றதாகிவிட்டது.

2021 மார்ச்சுக்குப் பிறகு ஏர் இந்தியா ஜம்போக்கள் பயணிகளை ஏற்றவில்லை. 2022 ஜனவரியில் நிறுவனம் டாடாவிடம் திரும்பியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர். நெடுந்தூரத்துக்காக அதில் 40 ஏ350, 20 போயிங் 787-9, 10 போயிங் 777எக்ஸ். முதல் ஏ350, 2023 டிசம்பரில் டெல்லி வந்து சேர்ந்தது. 316 இருக்கை, இரண்டு இன்ஜின், உடலில் பாதிக்கு மேல் கார்பன் இழை போன்ற கூட்டுப் பொருட்கள். முந்தைய தலைமுறையைவிட எரிபொருள் 25 சதவீதம் குறைவு என்கிறது ஏர்பஸ். 2024 ஜனவரி 22-ல் அது பயணிகளை ஏற்றத் தொடங்கியது. உலகின் முதல் ஜம்போ பயணிகளோடு நியூயார்க்கிலிருந்து லண்டன் போனதும் ஒரு ஜனவரி 22-ல்தான், 1970-ல்.

எண்ணெய் மிச்சம், புகை குறைவு, சத்தம் குறைவு. மாற்றியது சரியான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஆசை உண்டு. புதிதாக வருகிறவற்றில் ஒன்றுக்குத் தஞ்சாவூர் என்று பெயர் வைக்கட்டும். வூஹானில் ஆள் ஏற்றிய அந்தத் துணிவு பழைய இரும்போடு விலைபோய்விடக் கூடாது.

2024 ஏப்ரல் 22. விற்கப்பட்ட ஆக்ரா, அமெரிக்கா போக மும்பையில் கிளம்பியது. உள்ளே பயணிகள் இல்லை. ஓடுபாதையை விட்டு எழும்பியதும் விமானி ஒரு பக்கம் சாய்த்தார், இறக்கை தாழ்ந்தது. பிறகு மறு பக்கம். கீழே வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது விளங்கிற்று. மீனம்பாக்கத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற எங்கள் ஊர்க்காரர், கண்ணாடிக்கு அப்பால் ஒரு முறை நின்று, வெளியே நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துக் கை அசைப்பாரே, அதேதான்.