கரண்ட் இல்லாததால் ஏழையா, ஏழையானதால் கரண்ட் இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

2022 நோன்பு காலம் நினைவிருக்கும். ஸஹருக்கும் கரண்ட் இல்லை, இஃப்தாருக்கும் இல்லை. அந்த நாட்களில் தரம் 10 மாணவன் ஒருவன் இரண்டு மூன்று நாள் வகுப்புக்கு வரவில்லை. வாப்பா தையற்காரர். பெருநாள் உடுப்பு ஓடர்கள் குவிந்து கிடக்க, மோட்டர் பூட்டிய மெசின் சும்மா நின்றது. உம்மாவின் பழைய கால் மெசினை இறக்கித் துடைத்து, வாப்பாவும் மகனும் மாறி மாறி மிதித்திருக்கிறார்கள். அப்படியும் பாதி ஓடரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த அன்று அவன் கேட்டான்: "சேர், கரண்ட் இல்லாததால நாடு ஏழையாகிச்சா, நாடு ஏழையானதால கரண்ட் இல்லாமப் போச்சா?"

அன்று மழுப்பிவிட்டேன். இன்று வரலாற்றைக் கொண்டு பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

1918-ஆம் ஆண்டு. டி. ஜே. விமலசுரேந்திர என்ற நம் நாட்டுப் பொறியியலாளர் ஒரு கட்டுரை வாசித்தார். மஸ்கெலியா, களனி ஆறுகளின் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதே அவர் சொன்னது. அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'பொருளாதாரம்' என்ற சொல் இருந்ததைக் கவனியுங்கள். விளக்கு எரிப்பது மட்டும் அவர் எண்ணம் இல்லை. தொழில் வளர வேண்டுமென்றால் மலிவான சக்தி வேண்டும், அது நம் மலையிலேயே இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். ஆங்கிலேய அரசு பெரிதாகக் காது கொடுக்கவில்லை. 1920களில் ஆரம்பித்த வேலையும் பணமில்லை என்று இடையில் நின்றது. மனிதர் விடவில்லை. 1931-இல் அரச சபைக்குத் தெரிவாகி அங்கும் இதையே பேசினார். கடைசியில் லக்சபான மின்நிலையம் இயங்கியது 1950-இல். கட்டுரைக்கும் கரண்டுக்கும் இடையில் 32 வருடம்! 1953-இல் அவர் காலமானார். கனவு நிறைவேறியதைக் கண்ணால் காண அவருக்குக் கிடைத்தது மூன்றே வருடம்.

அடுத்த பாடம் 1973. அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் கட்டுப்படுத்த, பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 12 டொலர் அளவுக்குப் பாய்ந்தது. தேயிலை, இறப்பர், தேங்காய் விற்றுப் பிழைத்த நமக்கு அது பேரிடி. 1977-க்குப் பிறகு, 30 வருடத்தில் முடிக்க நினைத்த மகாவலித் திட்டத்தை 6 வருடத்துக்குள் சுருக்கி முடுக்கிவிட்டார்கள். விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல எல்லாம் 1980களின் நடுப்பகுதியில் வந்தவை. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட். 1978-இல் கட்டுநாயக்கவில் ஆரம்பித்த சுதந்திர வர்த்தக வலயமும், 1992-இல் கிராமங்களுக்குப் போன 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும் மின்சாரம் இல்லாமல் ஒரு சட்டையும் தைத்திருக்க முடியாது. இன்று ஆடை ஏற்றுமதி நாட்டுக்கு எத்தனை டொலர் கொண்டுவருகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனால் அதில் ஒரு பலவீனமும் இருந்தது. 1990களின் நடுவில் நம் மின்சாரத்தில் 90 வீதத்துக்கும் மேல் தண்ணீரிலிருந்தே வந்தது. 1996-இல் மழை பொய்த்தது. மணிக்கணக்கில் மின்வெட்டு. முந்திய ஆண்டு 5.5 வீதமாக இருந்த பொருளாதார வளர்ச்சி 3.8 வீதமாக இறங்கியது. போரும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் வானத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நாடு அன்று கண்டுகொண்டது.

பிறகு எண்ணெயில் ஓடும் மின்நிலையங்களுக்குப் போனோம். அது மழையைப் பார்க்காது, டொலரைப் பார்க்கும். நிலக்கரி நிலையம் பற்றி 1980களிலேயே பேச்சு வந்தது. நுரைச்சோலையின் முதல் பகுதி இயங்கியதோ 2011-இல். முழுமையாக 900 மெகாவாட் ஆனது 2014-இல். அதற்குள் எத்தனை வருடம் விலை கூடிய எண்ணெயை எரித்தோம் என்று எண்ணிப் பாருங்கள். நிலக்கரி எண்ணெயை விட மலிவுதான், ஆனால் அதுவும் கப்பலில் வரவேண்டிய பொருள். புகையும் சாம்பலும் புத்தளத்து மக்களுக்கு.

2022-இல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் குறைவு, எண்ணெய் வாங்க டொலர் இல்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 வீதத்துக்கும் மேல் சுருங்கியது.

ஆகவே மகனே, உன் கேள்வியின் இரண்டு பக்கமும் சரி. டொலர் இல்லாததால் கரண்ட் போனது. கரண்ட் போனதால் ஆலையும் ஐஸ் தொழிலும் உன் வாப்பாவின் மெசினும் நின்று, வரவேண்டிய வருமானமும் போனது. செக்கு மாடு போல ஒரே வட்டம். இந்த வட்டத்தை நெருக்கடி வந்த பிறகு உடைக்க முடியாது. கையில் காசும் கரண்டும் இருக்கிற நல்ல காலத்திலேயே அடுத்ததற்கு அடித்தளம் போட வேண்டும். நாம் ஒவ்வொரு தடவையும் பிந்தினோம், ஒவ்வொரு தடவையும் அதற்கு விலை கொடுத்தோம்.

இப்போது எல்லோரும் சூரிய சக்தி என்கிறோம். நல்லது, வெயிலுக்கு டொலர் தேவையில்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9-ஐ மறக்க வேண்டாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. அது ஞாயிற்றுக்கிழமை பகல். மின்பாவனை குறைவு, கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரமோ அதிகம். அந்த அதிர்வைத் தாங்கும் பலம் நம் மின்வலையமைப்புக்கு இருக்கவில்லை. தகடு பூட்டினால் மட்டும் போதாது. பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் பற்றரியும், உறுதியான வலையமைப்பும் சேர்ந்தே வர வேண்டும். அதையும் இன்னொரு 32 வருடம் தள்ளிப்போட்டால், அடுத்த தலைமுறைப் பிள்ளையும் பெருநாள் காலத்தில் கால் மெசின்தான் மிதிப்பான்.

உங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கரண்ட் வந்தது எந்த வருடம்? வந்த பிறகு உங்கள் தொழிலில் என்ன மாறியது? வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாறு அது.