மைசூர் பருப்பு குழைஞ்சு போகுதா? சரியா வேகவைப்பது எப்படி?

ரேஷன் கடையில் மாதம் 1 கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு கிடைக்கிறது. தினமும் சாம்பார் வைக்கிற வீட்டில் அது பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். அப்போது பலருக்கும் கைகொடுப்பது மைசூர் பருப்பு. பெரும்பாலும் துவரம் பருப்பைவிட விலை குறைவு, கேஸும் மிச்சம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் பக்கம் இருந்து சென்னை வரைக்கும் இதைப் பற்றி ஒரே புகார்தான்: "குக்கர்ல வெச்சா கஞ்சியா போயிடுது!"

காரணம் என்ன?

துவரம் பருப்புக்கு வைக்கிற 4, 5 விசிலையே இதற்கும் வைப்பதுதான். மைசூர் பருப்பு மெல்லியது, தோல் நீக்கியது. ஊறவைக்கவே வேண்டாம். திறந்த பாத்திரத்திலேயே 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

எப்படி செய்வது?

* 1 டம்ளர் பருப்பை 3, 4 தடவை கழுவுங்க. தண்ணீர் ஓரளவு தெளிந்தால் போதும்.
* 3 டம்ளர் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்து அடுப்பில் வையுங்க.
* கொதிக்கும்போது பொங்கி வரும் நுரையை கரண்டியால் எடுத்துவிட்டு, தீயைக் குறைச்சிடுங்க.
* 15 நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பாருங்க. மசிந்தால் இறக்கலாம்.
* புளி, தக்காளியை பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்கணும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் வேக நேரமாகும்.

குக்கர்தான் வசதி என்றால் 1 அல்லது 2 விசில் போதும். பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீங்க. நுரை பொங்கி விசில் துவாரத்தை அடைத்துவிடலாம்.

ரொம்ப நேரமாகியும் வேகலையா?

பருப்பு பழசாக இருக்கலாம். அல்லது போர் தண்ணீர் காரணமாக இருக்கலாம். கால்சியம் அதிகமுள்ள கடினத் தண்ணீரில் எந்தப் பருப்பும் லேசில் வேகாது. குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்க.

நிறம் மாறினால் கலப்படமா?

இல்லை. ஆரஞ்சு நிறப் பருப்பு வெந்ததும் மஞ்சளாக மாறுவது இயல்பு. கழுவும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்குவதும் இயல்புதான். ஆனால் தண்ணீரில் பளிச்சென்று சிவப்போ ஆரஞ்சோ இறங்கினால் சாயம் கலந்திருக்கலாம். அதை சமைக்க வேண்டாம்.

சத்து எப்படி?

சமைக்காத 100 கிராம் மைசூர் பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் அதிகம். அதனால் சோறும் பருப்பும் சேரும்போது புரதம் முழுமையாகிறது. இரும்புச் சத்தும் உண்டு. கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது முக்கியம்.

எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

கீரைக் கூட்டு, ரசம், பருப்புக் கடைசல் எல்லாத்துக்கும் நல்லாருக்கும். இலங்கையில் தினசரி பருப்புக் கறியே இதுதான். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதியில் இறக்குவாங்க. சாம்பார் ருசி மாறக் கூடாதென்றால் ஒரு வழி: துவரம் பருப்பு தனியாக வெந்ததும், தனியே வேகவைத்த மைசூர் பருப்பை பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க. ரேஷன் பருப்பு மாதக் கடைசி வரை வரும்.